மூச்சு நின்றபோது திரையில் கண்டவை

நிறைமாதத் தாய்:
நிறைமாதத்தில் பிறந்த என் மகள் இரண்டாம் நாள் திடீரென்று நீலம் பாரித்தாள். ஆக்சிஜன் அளவு இறங்கியபோதும் இதயத் துடிப்பு குறையாமல் சற்றே ஏறியதுதான் மருத்துவருக்கு உறுத்தியது. உடனே தலையில் மின்முனைகளை ஒட்டி, காணொளியோடு, மூளையின் மின் அலைகளைக் காட்டும் இ.இ.ஜி. பதிவைத் தொடங்கினார்கள். அடுத்த முறை மூச்சு நின்றபோது நான் அருகில் இருந்தேன். கை கால் எதுவும் துடிக்கவில்லை, முகமும் உறங்கும் முகமாகவே இருந்தது. திரையிலோ மூளையின் ஒரு பக்கத்துக் கோடுகள் மட்டும் ஒரே தாளத்தில் எழுந்து, வரவர உயர்ந்து, சட்டென்று அடங்கின. மூச்சு நின்றதே வலிப்புதான் என்றார்கள். மருந்தில் அது அடங்கிவிட்டது. ஆனால் முந்தைய இரவு அவள் அமைதியாகத் தூங்குவதாக நான் மகிழ்ந்த நேரங்களில் எத்தனை முறை அப்படி நிகழ்ந்ததோ என்ற நினைப்பு இன்னும் விடவில்லை.

குறைமாதத் தந்தை:
இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு அலாரத்துக்கும் வலிப்பென்று யாரும் அஞ்ச வேண்டாம். 27 வாரத்தில் பிறந்த என் மகனுக்கு மூச்சு 20 நொடிக்கு மேல் நிற்கும், துடிப்பும் கூடவே விழும். மூச்சை இயக்கும் மூளைத்தண்டு முதிராததே காரணம் என்று மூச்சைத் தூண்டும் காஃபீன் கொடுத்தார்கள். ஒருமுறை நிறுத்தம் நீண்டபோது மூளை அலை ஏறக்குறைய தட்டையாகிவிட்டது. செவிலியர் உள்ளங்காலைத் தேய்த்தார். முதலில் மூச்சு வந்தது, பிறகு துடிப்பு, கடைசியாகத்தான் அந்தக் கோடு அசைந்தது. துடிப்பு விழுந்தால் அது வலிப்பன்று.

இரவுப்பணிச் செவிலி:
மேலே உள்ளவரின் கடைசி வரியை ஏற்க இயலாது. வலிப்பால் மூச்சு நின்றாலும், அது நீண்டு ஆக்சிஜன் குறையக் குறையத் துடிப்பும் விழக்கூடும். ஒருநாள் அழுத குழந்தையின் முதுகை நான் தட்டிக்கொடுத்தது, பதிவில் வலிப்பைப் போலவே தாளத்தோடு விழுந்திருந்தது. காணொளி இல்லாதிருந்தால் தேவையற்ற மருந்து கொடுத்திருப்போம். ஆகவே பதிவு ஓடும்போது குழந்தையைத் தொட்டால், தட்டினால், பால் கொடுத்தால் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். மூச்சு நின்றதாகத் தோன்றினால் முதலில் செவிலியரை அழையுங்கள், குறிப்பெழுதுவது பிறகு. பல மணி நேரத்தைச் சுருக்கிக் காட்டும் ஓரிரு தடப் பதிவில் (சில மின்முனைகள் மட்டுமே உள்ளது) 30 நொடிக்கும் குறைவான வலிப்பும், மின்முனைகளுக்கு எட்டாத இடத்தில் எழும் வலிப்பும் தப்பிவிடலாம். ஐயம் நீங்காவிட்டால் முழு இ.இ.ஜி. வேண்டுமா என்று கேளுங்கள்.

நிறைமாதத் தாய்:
நான் அறிவுரை கேட்கவில்லை. ஆனால் தட்டுவதைப் பற்றிப் படித்ததும் நின்றுவிட்டேன்: அன்று வலிப்பன்று என்று பதிவில் நீக்கிய ஒரு பகுதியின் காணொளியில் தெரிந்தது என் கைதான்.