டிரைடவுனுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது)

மி., கோவை. திங்கள் காலை

அன்பர்களுக்கு வணக்கம். ஒரு சொல் வேண்டும், அவசரம்.

தோழி ஒருவர் வீட்டிலேயே வாசனை எண்ணெய் கலந்து விற்கிறார். ஆல்கஹால் சேர்ப்பதில்லை. குளிரிலும் உறையாதபடி பிரித்தெடுத்த தேங்காய் எண்ணெயில் கலக்கிறார். 1 மி.லி. குப்பிகளில் மாதிரிப் பெட்டி ஒன்று போடுகிறார். அதோடு ஒரு துண்டுத்தாளும் போகிறது: தன் தோலில் போட்டுப் பார்ப்பது எப்படி, பார்த்ததை எழுதுவது எப்படி என்று. தமிழாக்கம் என் தலையில் விழுந்திருக்கிறது.

தாளில் மூன்று கட்டம். குப்பியைத் திறந்து முகர்வது, மணிக்கட்டில் தடவி ஈரம் இருக்கும்போதே முகர்வது, அப்புறம் மூன்று நான்கு மணி நேரம் கழித்து முகர்வது. கடைசிக் கட்டத்தில் தோலில் நிற்கிற மணத்தை ஆங்கிலத்தில் டிரைடவுன் என்கிறார்கள். அமெரிக்காவின் சிறு எண்ணெய்த் தயாரிப்பாளர்களுக்கு ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. பெரிய குப்பி வாங்குவதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு கட்டுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். குப்பியில் எலுமிச்சையாக இருந்தது தோலில் பட்டதும் சோப்பாகி, மாலையில் வெறும் வனிலாவாக நிற்கும். அந்த 'நிற்கும்' பகுதிக்குச் சொல் வேண்டும். நான் 'உலர்மணம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

வே., திருநெல்வேலி. திங்கள் மதியம்

அம்மா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் தவறு. எண்ணெய் உலராது.

முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன் என்பதால் சொல்கிறேன். ஆளிவிதை எண்ணெய் உலரும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்படும், ஓவியர்கள் அதற்காகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் தேங்காய் எண்ணெய் அப்படியேதான் தோலில் கிடக்கும், அல்லது துணியில் ஒட்டும். அதில் கரைந்திருக்கிற வாசனைப் பொருள்கள்தான் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிப் போகின்றன. ஆரஞ்சுத் தோலில் இருக்கிற லிமொனீனின் மூலக்கூறு எடை 136, சீக்கிரம் ஓடிவிடும். சந்தனத்தின் சாந்தலால் 220, உட்கார்ந்திருக்கும். எடை மட்டுமே கணக்கில்லை. வனிலின் 152தான், ஆனாலும் அதன் ஆவியழுத்தம் குறைவு, அதாவது எளிதில் ஆவியாகாது, அதனால் தங்கிவிடுகிறது.

ஆகவே 'உலர்' கூடாது. 'ஈற்றுமணம்' என்று வையுங்கள்.

செ., தஞ்சாவூர். திங்கள் இரவு

வேதியியல் ஐயாவுக்கு ஈறு என்றதும் பல் ஈறு நினைவுக்கு வரவில்லை போலும். எனக்கு வந்தது.

இந்தச் சொல்லைத் தேடி எங்கும் போக வேண்டாம். புறநானூற்று 3ஆம் பாட்டில் பாண்டியனைப் 'புலர்சாந்தின் விலங்ககன்ற வியன்மார்ப' என்று கூப்பிடுகிறார் இரும்பிடர்த்தலையார். பூசிய சாந்து மார்பிலே புலர்ந்து மணக்கிறது. தோலில் போட்டு, ஈரம் போய், எஞ்சி நிற்கும் மணம். நீங்கள் கேட்ட பொருள் இதில் அப்படியே இல்லையா? சிலம்பில் மாதவி தலை முழுகுகிறாள். பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை என்று வாசனைச் சரக்குகள் ஊறிய நீரில் முழுகிய பிறகு கூந்தலைப் 'புகையிற் புலர்த்திய' என்று வருகிறது. அங்கேயும் புலர்தான். மணத்தோடு இந்த வினைக்கு இருக்கும் பழக்கம் வேறெந்த வினைக்கும் இல்லை.

புலர்மணம். வினைத்தொகை. புலர்ந்த மணம், புலர்கின்ற மணம், புலரும் மணம் என்று முக்காலமும் உள்ளே இருக்கிறது. டிரைடவுன் என்பதும் நடக்கிற செயலையும் முடிந்த நிலையையும் ஒருசேரக் குறிக்கிறது என்று புரிந்துகொண்டேன். இனி வேதியியல் தடைக்கு விடை. புலர்தல் ஈரம் வற்றுவது மட்டும் அன்று. பொழுதும் புலர்கிறது. இருள் விலக, உள்ளே இருந்த ஒன்று தெரிய வருகிறது. மேலே மிதந்த எலுமிச்சை விலக, அடியில் கிடந்த சந்தனம் தெரிவதும் அதுதான். புலர், புலம், புலன், புலப்படு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில்.

ஆ., சென்னை. செவ்வாய் காலை

ஐயா, தனி மடல் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். போன தடவை 'கோப்பு' பற்றிய தனி மடல் இன்னும் பாதிதான் படித்திருக்கிறேன்.

'புலர்மணம்' என்று தாளில் பார்த்தால் காலையில் எழுந்ததும் முகர்ந்து பார்க்க வேண்டும் என்று ஜனங்கள் நினைப்பார்கள். மீன் சாப்பிடுகிற வீட்டில் 'புலவு' என்று படிப்பார்கள். வாசனை எண்ணெய்க்குப் புலால் வாடை வந்துவிடும்.

டிரைடவுன் என்றே போட்டால் என்ன? கொடுக்கல் வாங்கல்தானே? உலகம் முழுக்க வாசனைக்காரர்கள் 'வெட்டிவேர்' என்று நம்முடைய சொல்லைத்தான் சொல்கிறார்கள், கொஞ்சம் வாயைக் கோணி. அவர்கள் கிரேக்கத்தில் சொல் தேடி உட்காரவில்லை.

செ., தஞ்சாவூர். செவ்வாய் காலை

தேடி உட்கார்ந்தார்கள், தம்பி. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனைக்கு 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் நேச்சர் இதழில் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் கல்லுக்கான சொல்லையும், தேவர்களின் நாளத்தில் ஓடும் திரவத்துக்கான சொல்லையும் ஒட்டினார்கள். அன்றைக்கு எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? இன்றைக்கு உங்கள் தலைமுறை மழை வந்தால் அந்தச் சொல்லோடு படம் போடுகிறது. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் அந்த மண் வாசனையையே அத்தராக வடித்துக்கொண்டிருந்தவர்கள் 'மண் அத்தர்' என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

வே., திருநெல்வேலி. செவ்வாய் மதியம்

அந்த வேறு கதை உங்கள் வாதத்துக்கு எதிரான கதை ஆயிற்றே, ஐயா. வடித்தவர்களுக்கு மண், அத்தர் என்ற இரண்டு சொல்லே போதுமாக இருந்திருக்கிறது.

ப., டொரோண்டோ (ஊர் யாழ்ப்பாணத்து மானிப்பாய்). செவ்வாய் இரவு

எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த அமெரிக்க எண்ணெய்களைக் கன காலமாக வாங்கிப் போட்டுப் பார்க்கிறவள். ஆகவே பயனாளர் தரப்பிலிருந்து ஒரு கருத்து.

முதலில் 'மணம்' பற்றி. எங்கட ஊரில் 'மணக்குது' என்று முகத்தைச் சுளித்துச் சொன்னால் ஏதோ பழுதாகிவிட்டது என்று அர்த்தம். உங்களுக்கு 'நாறுது' எப்படியோ அப்படி. அதற்காக மணத்தை விடச் சொல்லவில்லை, எழுத்தில் அது நல்லதாகத்தான் நிற்கிறது. தெரிந்து வையுங்கோ, அவ்வளவுதான்.

என் பரிந்துரை 'தங்குமணம்'. ஆர் பார்த்தாலும் விளங்கும். எங்கட மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். படிக்கிற பிள்ளைக்கு விளங்கவேண்டும் என்பதுதான் அங்கே முதல் கவலை. இந்தத் தாளுக்கும் அதுதான் அளவு.

மி., கோவை. புதன் காலை

தங்குமணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். தாளில் 'எவ்வளவு நேரம் நின்றது' என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. தங்குமணம் என்றால் அந்தக் கட்டத்தோடு குழம்பாதா? டிரைடவுன் நேரத்தைச் சொல்வதில்லை, குணத்தைச் சொல்கிறது. ஒரு எண்ணெயின் டிரைடவுன் அருமையாக இருந்து அரை மணியில் காணாமல் போகலாம்.

'அடிமணம்' என்று இருவர் தனியாக எழுதியிருந்தார்கள். அதை மேல், நடு, அடி என்று கலவையின் அடுக்கைச் சொல்லும்போது பயன்படுத்தியாகிவிட்டது. அடியில் வைத்த கஸ்தூரி முதல் நிமிடத்திலிருந்தே இருக்கும், மேலே உள்ளது மறைக்கும், அவ்வளவே. அடுக்கு வேறு, கட்டம் வேறு.

இன்னொருவர் 'பின்மணம்'. அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 'மறுமணம்' சொன்னவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அப்புறம், இதற்கும் ஒரு சொல்: ஒரே எண்ணெய் ஒருவர் தோலில் ரோஜாவாகவும் இன்னொருவர் தோலில் பழைய பவுடராகவும் மாறுவதற்குத் தோலின் வேதியியல்தான் காரணம் என்பார்களே, அதற்கு?

ப., டொரோண்டோ. புதன் காலை

உடம்பு வாகு.

வே., திருநெல்வேலி. புதன் காலை

உடம்பு வாகு. இதில் மறுப்பே இல்லை. ஆனால் விமர்சகர்கள் நினைக்கிற அளவுக்கு இதில் மாயம் இல்லை என்பதையும் தாளில் ஒரு வரி சேருங்கள். வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் போகும், எண்ணெய்ப் பிசுக்குள்ள தோலில் நிற்கும், உடம்புச் சூடு வேகத்தைக் கூட்டும். மீதிப் பாதி மூக்கின் வேலை. சில செயற்கைக் கஸ்தூரிகளின் வாசனை சிலருக்குத் தெரியவே தெரியாது. அவர்கள் 'என் தோல் தின்றுவிட்டது' என்று எழுதுவார்கள். பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டால் உண்மை தெரியும்.

கு., மதுரை. புதன் மதியம்

யாராவது நக்கீரரை இழுத்து வருவதற்குள் நானே இழுத்துவிடுகிறேன். கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா, பூவும் சாந்தும் சேர்ந்து வருவதா என்று எங்கள் ஊரில் சிவபெருமானோடே வழக்காடியவர். அதற்குக் காரணமான 'கொங்குதேர் வாழ்க்கை' குறுந்தொகையின் 2ஆம் பாட்டு. உடம்பு வாகுக் கட்சிக்கு எதிர்க்கட்சித் தலைவர் அவர்தான். நெற்றிக்கண் திறந்தும் மாற்றிக்கொள்ளவில்லை.

செ., தஞ்சாவூர். புதன் மதியம்

பாட்டு கூந்தல் இயற்கையிலேயே மணக்கிறது என்று விதிக்கவில்லை. 'நறியவும் உளவோ நீ அறியும் பூவே' என்று தும்பியை, அதாவது வண்டை, கேட்கிறது. 'காமம் செப்பாது கண்டது மொழிமோ' என்று வேறு எச்சரிக்கிறது. எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். உங்கள் தாளின் தலைப்பில் இந்த வரியைப் போடலாம், அம்மா. விலைக்கு வாங்கிய எண்ணெய் என்பதற்காகப் புகழ்ந்து எழுதுபவர்களுக்கு உதவும்.

நிற்க. புலர்மணத்துக்கு இன்னும் ஒருவரும் தக்க மறுப்புத் தரவில்லை.

ரா., பெங்களூரு. புதன் இரவு

தோல் நோய் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். எப்போதாவதுதான் எழுதுவேன். சொல் எதுவானாலும் சரி, தாளில் 'தோல் சோதனை' என்று இருப்பதைத் திருத்துங்கள். மருத்துவமனையில் நாங்கள் முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது 'ஒட்டுச் சோதனை'. மணிக்கட்டில் தடவி முகர்வதை அதே மாதிரிப் பெயரால் சொன்னால், முகர்ந்து பார்த்ததையே ஒவ்வாமை இல்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வாமை அன்றைக்கே தெரிய வேண்டியதில்லை. வீட்டில் பார்ப்பதானால் முழங்கை மடிப்பில் ஒரே இடத்தில் தினம் இரு வேளை, ஏழு முதல் பத்து நாள் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்தாலோ அரித்தாலோ கழுவிவிட்டு நிறுத்த வேண்டும்.

இன்னும் இரண்டு. லவங்கப்பட்டை எண்ணெய் அதிகம் சேர்ந்தால் தோல் எரியும். பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயில், அதில் இயல்பாக உள்ள பெர்காப்டென் என்ற பொருள் நீக்கப்படாமல் இருந்தால், தடவிய இடத்தில் வெயில் பட்டுக் கொப்புளமோ கருந்திட்டோ வரும். நம் ஊர் வெயிலுக்கு இதை எழுதாமல் விடக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2003லேயே 26 ஒவ்வாமைப் பொருள்களைக் குப்பியின் லேபிளில் பெயர் சொல்லி எழுத வைத்துவிட்டது. இயற்கையானது என்று எழுதினால் அந்தப் பொறுப்பு தீராது. உங்கள் தோழியிடமும் சொல்லுங்கள்.

மி., கோவை. வியாழன் காலை

ரா. அம்மாவுக்கு நன்றி. அந்தப் பத்தி தாளில் முதலில் வருகிறது. 'தோல் சோதனை'யை 'தோலில் போட்டுப் பார்த்தல்' என்று மாற்றிவிட்டேன்.

வாசனை உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதற்கு 'வீச்சு' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் உண்டா?

ஆ., சென்னை. வியாழன் காலை

வீச்சு சரி. 'வீச்சம்' என்று அச்சாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிணத்துக்குச் சொல்கிற சொல்.

கு., மதுரை. வியாழன் காலை

வாசம் வீசுகிறது என்றுதானே ஆயிரம் பாட்டு இருக்கிறது. வீச்சே இருக்கட்டும். எண்ணெய்க்கு ஆல்கஹால் வாசனை அளவுக்கு வீச்சு வராது, தோலோடு ஒட்டியேதான் இருக்கும் என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே ஏமாந்துபோய் அரைக் குப்பியைக் கவிழ்ப்பார்கள்.

மி., கோவை. வியாழன் மாலை

இதுவரை எழுதியவர்களில் தங்குமணத்துக்கு நான்கு பேர், புலர்மணத்துக்கு இரண்டு பேர். ஈற்றுமணத்துக்கு வே. ஐயா மட்டும். டிரைடவுனுக்கு ஆ. மட்டும். உலர்மணத்துக்கு நானே இல்லை.

தங்குமணம் என்று அச்சுக்குக் கொடுக்கிறேன். நேரக் கட்டத்தை 'எத்தனை மணி நேரம்' என்று மாற்றிவிட்டேன், குழப்பம் குறையும். தங்குமணத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'டிரைடவுன்' என்றும் இருக்கும்.

வே., திருநெல்வேலி. வியாழன் மாலை

ஒப்புக்கொள்கிறேன். உலர் போனதே போதும்.

செ., தஞ்சாவூர். வியாழன் இரவு

பெரும்பான்மையால் இலக்கணம் அமைவதில்லை. தங்குமணம் என்பது சத்திரத்துக்கு வைக்கத் தகுந்த பெயர். அச்சேறட்டும், தடுக்கவில்லை. அடுத்த பதிப்பு வரும்போது புலர்மணத்தைப் பரிசீலிக்க வேண்டும் என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். வேர் விளக்கம் நாளை வரும்.

ஆ., சென்னை. வியாழன் இரவு

ஐயா, தனி மடலில்தானே?