சொல் தேவை: மண்ணில் அப்பிக்கிடக்கும் பெட்ரோலுக்கு

பாளையங்கோட்டை, மொழிபெயர்ப்பாளர்:
குழுமத்தாருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு துண்டறிக்கை தர வேண்டும். பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி கசிந்து, கிணற்றில் பெட்ரோல் வாடை வருகிற ஊருக்கு. கூட்டத்தில் வாசிப்பார்கள்.

பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. லிட்டர் முக்கால் கிலோதான் இருக்கும். மண்ணில் இறங்கி நிலத்தடி நீர்மேல் மிதக்கும். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் கூடவே இறங்கும். ஐப்பசி மழையில் மட்டம் ஏறும்போது மொத்தமும் ஏறிவராது. ஒரு பங்கு மணல் இடுக்கில் சிக்கித் தண்ணீருக்கு அடியிலேயே தங்கிவிடும். இப்படி எண்ணெய் அப்பிய அடுக்கை ஆங்கிலத்தில் ஸ்மியர் ஸோன் என்கிறார்கள். 'தடவல் மண்டலம்' என்று எழுதினேன், எனக்கே சிரிப்பு வந்தது.

தூத்துக்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மண்டலம் வடசொல். பெட்ரோல் மட்டும் எதற்கு? பெட்ரா பாறை, ஓலியம் எண்ணெய். கல் + நெய் = கன்னெய், கன்னெஞ்சு போல. அடுக்குக்கு 'அப்படுக்கு' என்க.

தென்காசி, பொறியாளர்:
அண்ணாச்சி, வடமொழியில் அப்பு என்றால் தண்ணீர். எண்ணெயைத் தண்ணீராக்கிவிட்டீர்களே! கன்னெய் என்றால் கன்னியாகுமரி எண்ணெயா என்பார்கள்.

தமிழாசிரியர்:
அது வேறு அப்பு. சந்தனத்தை அப்புகிறோமே, எந்த வடமொழியைக் கேட்டு அப்பினோம்?

அம்பாசமுத்திரம், பள்ளி ஆசிரியை:
சுவரில் ஈரம் ஏறினால் ஓதம் என்கிறோம். பழைய பாட்டில் ஓதம் கடல், அலை. ஏறி இறங்குவதும் ஊறிக்கிடப்பதும் ஒரே சொல்லில் இருக்கின்றன. 'எண்ணெய் ஓதம்' போதாதா?

திருநெல்வேலி, சித்த மருத்துவர்:
ஓதம் விரைவீக்கத்துக்கும் பெயர், டீச்சர். கூட்டத்தில் முன்வரிசை முழுக்க வயசாளிகள். வேண்டாம்.

தமிழாசிரியர்:
வேரைப் பார்க்காமல் தள்ளக் கூடாது. ஓதை என்றால் ஓசை. கடல் ஓயாமல் ஓதுவதால் ஓதம். சுவர் ஓதுமா? ஆகவே ஈரப்பொருள் பின்னால் வந்தது. இதை விரிவாகத் தனிமடலில்...

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, வியாழன் வந்துவிட்டது. மிதக்கிற பெட்ரோலை பம்பு வைத்து எடுத்ததும் வேலை முடிந்தது என்று ஊர் நினைத்துவிடும். சிக்கியது பம்புக்கு வராது. பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சை வருடக்கணக்கில் தண்ணீரில் விட்டுக்கொண்டிருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பென்சீன் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை. அதனால்தான் அடுத்து மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சுவதும், காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்களைத் தின்னவிடுவதும். இது புரிகிற மாதிரி ஒரு சொல் கொடுங்கள்.

பொறியாளர்:
'கறைப்பட்டை'. வாழைக்கறை வேட்டியில் பட்டால் என்ன ஆகும் என்று நம்ம சீமையில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஆசிரியை:
மனசில்லாமல், சரி.

மருத்துவர்:
சரி.

நாங்குநேரி, நிலவியல் படித்தவர்:
தாமதமாக வருகிறேன். தேரி மணலிலும் தாமிரபரணிக் கரை வண்டலிலும் கறைப்பட்டை பொருந்தும். நம் பக்கம் பெரும்பாலும் கடும்பாறை. எண்ணெய் வெடிப்பு போன வழியில் போகும். ஒரு கிணற்றில் வாடை இருக்கும், அடுத்த கிணற்றில் இருக்காது. பட்டை என்றால் சீராகக் கிடக்கிறது என்று நினைத்து, நாலு துளை போட்டு ஆய்வை முடித்துவிடுவார்கள். 'கறைப்பிடிப்பு' என்று வையுங்கள். பட்டைக்கு நான் உடன்பட மாட்டேன்.

மொழிபெயர்ப்பாளர்:
கறைப்பட்டை என்றே அச்சுக்குப் போய்விட்டது, மன்னிக்கவும். வெடிப்பு விஷயத்தை வாசிப்பவரை வாயால் சொல்லச் சொல்கிறேன்.

தமிழாசிரியர்:
ப் விழுந்துவிடாமல் பாருங்கள். கறைபட்டை என்று அச்சானால் துண்டறிக்கைக்கே கறை.