ரன்ஃபிளாட்டா, சாதாரண டயரா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் செடானுக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டும். அளவு 225/50 ஆர்17. இப்போது இருப்பது ரன்ஃபிளாட். காற்று முழுக்க இறங்கினாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் சுமார் 80 கி.மீ. ஓட்டலாம் என்பது பெரிய தைரியம். மாதாமாதம் அம்மாவோடு ஆழியாறு வழியாக வால்பாறை போகிறேன். அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில், இருட்டில் பஞ்சரானால் யாரைக் கூப்பிடுவது?

ஆனால் இந்த டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் ஒவ்வொரு குழியும் அம்மாவின் முதுகில் இறங்குகிறது. அதுதான் தாங்கவில்லை.

சாதாரண டயர் போட்டால் டிக்கியில் ஸ்டெப்னிக்கு இடமில்லை. சரி, பஞ்சர் கிட்டும் பம்பும் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தக் கிட் உதவாதே? மாற்றியவர்கள் மலைப்பாதையில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? அடுத்த வாரமே வாங்கியாக வேண்டும்.