நீதிபதி பதவிக்குப் பெயர் பரிந்துரையாகப் போனபோது, உளவுத் துறையினர் உங்களிடம் என்ன விசாரித்தார்கள்?

மதுரை வக்கீல்:
எங்கள் சீனியர் பெயர் ஹைகோர்ட் ஜட்ஜ் பதவிக்குப் போயிருக்கிறது என்று வக்கீல்கள் மத்தியில் பேச்சு கிளம்பிய சில நாளில், சேம்பருக்கு ஒருவர் விசாரிக்க வந்தார். எந்தக் கட்சிக்காரர் வழக்கு அதிகம், ஃபீஸுக்கு ரசீது உண்டா, மகனுக்கு எங்கே சம்பந்தம் என்று வரிசையாகக் கேட்டார். கையில் சின்ன டைரி. ஃபீஸ் வாங்காமல் சீனியர் நடத்திய குத்தகை வழக்குகளைச் சொன்னேன். பேனா அசையவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையிலும் கேட்டிருக்கிறார். அந்தக் கடைக்காரருக்கும் சீனியருக்கும் பழைய வாடகைத் தகராறு உண்டு. பெயர் அப்படியே நின்றுபோனது. தன்னைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதுதான் என் மனசை அறுக்கிறது.

பாரிமுனை:
இதனால்தான் சார், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றக் கொலீஜியம், அதாவது நீதிபதி பதவிக்குப் பெயர் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு, செய்ததை நான் மறக்க மாட்டேன். நம் ஹைகோர்ட்டுக்கு வக்கீல் ஆர். ஜான் சத்யன் பெயரை 2022-லேயே பரிந்துரைத்திருந்தார்கள். பிரதமரை விமர்சித்த கட்டுரையைப் பகிர்ந்தார், 2017-இல் மாணவி அனிதா இறந்தபோது பதிவு போட்டார் என்று மத்திய உளவுத் துறையான ஐபி-யின் ரிப்போர்ட்டில் இருந்தது. நல்ல பெயர் எடுத்தவர், நேர்மையில் குறை இல்லை என்பதும் அதே ரிப்போர்ட்டில்தான். கொலீஜியம் இரண்டையும் தீர்மானத்தில் எழுதி, வெப்சைட்டில் போட்டு, மறுபடி பரிந்துரைத்தது. அன்று கேன்டீனில் ஒரே போனை நாலு பேர் சுற்றி நின்று படித்தோம். உளவு ரிப்போர்ட்டைப் பொதுவில் வைப்பது கவலைக்குரியது என்றார் அப்போதைய சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு. தகவல் சொன்னவர் பெயரை மறைக்கட்டும், நியாயம். ஊரறியப் போட்ட பதிவில் என்ன ரகசியம்? அப்படி மறுபடி அனுப்பியும் மாதக்கணக்கில் நியமனம் வரவில்லை.

திருச்சி வாசகி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். என் அண்ணியின் பெயர் போனபோது, அவர் மாமியாருக்கு நடக்கும் சிகிச்சை வரை அக்கம்பக்கத்தில் துருவினார்கள். அது வெப்சைட்டில் வந்திருந்தால் குடும்பமே நொறுங்கியிருக்கும். தலைமை நீதிபதி அலுவலகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 நவம்பர் 13 அன்று தீர்ப்பு சொன்ன ஐந்து நீதிபதிகள்கூட, தனிமனித அந்தரங்கத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றார்கள். ஊருக்குக் காட்ட வேண்டாம். சம்பந்தப்பட்டவரிடம் காட்டலாமே? 2024 டிசம்பரில் கொலீஜியம் பரிந்துரைக்கப்பட்டவர்களை நேரில் கூப்பிட்டுப் பேசியது. பாதகமான குறிப்பை அங்கேயே முன்னால் வைத்து, "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டுவிடலாம்.

மதுரை வக்கீல்:
அது போதும் அம்மா. ஜெராக்ஸ் கடைத் தகராறை எங்கள் சீனியர் ரெண்டே நிமிஷத்தில் சொல்லி முடித்திருப்பார், வாடகைச் சீட்டோடு.