புதுப்பிப்பு: இடிக்கப்படவுள்ள எங்கள் குடியிருப்பும் 24,000 ரூபாயும்

மேற்கூரைப் பூச்சு உதிர்ந்து, துருவேறிய கம்பிகள் தெரியும் எங்கள் வடசென்னை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய (முன்பு குடிசை மாற்று வாரியம்) அடுக்ககத்தைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது. மறுகட்டுமானம் முடியும்வரை வெளியே தங்குவதற்கு அரசு ஒரு குடும்பத்துக்கு வழங்கும் 24,000 ரூபாய் கருணைத்தொகை, வங்கிப் புத்தகத்தில் அம்மாவின் பெயர் ஓரெழுத்து மாறியிருந்ததால் மூன்று வாரம் தாமதித்து, நேற்று வரவாகிவிட்டது. முன்பு 8,000 ரூபாயாக இருந்ததை நினைத்தால் இது உயர்வுதான். ஆனால் பணி முடியப் 18 மாதங்கள் ஆகும் என்பதால், மாதக் கணக்கில் பார்த்தால் 1,333 ரூபாய்தான் தேறுகிறது. பக்கத்துத் தெருவில் ஓர் அறை, சமையலறைக்கு வாடகை 6,500 ரூபாய், முன்பணம் 50,000 ரூபாய் (குடிநீருக்குத் தனிக் கட்டணமாம்).

'அவ்வளவு கடினமென்றால் அங்கேயே இருந்துவிடலாமே' என்று கேட்டிருந்த நண்பருக்கு: 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் இதே போன்ற வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் சரிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர்ச்சேதம் நேரவில்லை. எங்கள் மாடிப்படிச் சுவரிலுள்ள விரிசலில் இப்போது என் சுண்டுவிரல் நுழைகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்கிறோம். புதுக் கட்டடத்தில் எங்களுக்கு மீண்டும் வீடு ஒதுக்கும் மறு ஒதுக்கீட்டு ஆணையின் நகலைக் கையில் வாங்காமல் சாவியைக் கொடுப்பதாக இல்லை.