பாரதி செல்லம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் பாசம் எங்கே?

இரவுவாசிப்பு:
பாரதி காசியிலிருந்து செல்லம்மாவுக்கு எழுதிய அந்தச் சின்னக் கடிதத்தை மறுபடி படித்தேன். "எனதருமைக் காதலி செல்லம்மாளுக்கு ஆசீர்வாதம்" என்று தொடக்கம் பிரமாதமாகத்தான் இருக்கிறது. அப்புறம் சப்பென்று ஆகிவிடுகிறது. நீ பயப்படும்படி நான் ஒன்றும் செய்யவில்லை, நேரில் பார்க்கும்போது சொல்கிறேன், கவலை வந்தால் தமிழை நன்றாகப் படி. அவ்வளவுதான்! கண்ணம்மா பாட்டில் அப்படி உருகியவர் மனைவிக்கு எழுதும்போது வாத்தியார் ஆகிவிடுகிறாரே, ஏன்?

தாள்மடிப்பு:
வயதைப் பாருங்கள். 1897-ல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 14, செல்லம்மாவுக்கு 7. அவர் காசியில் இருந்தது 1898-லிருந்து 1902 வரை. அப்படியென்றால் கடிதத்தைப் பிரித்துப் படித்தது பன்னிரண்டு வயதைத் தாண்டாத சிறுமி, எழுதியவரும் இருபதைத் தொடாத பையன்தான். கண்ணம்மா பாட்டெல்லாம் பின்னால் புதுச்சேரியில் வந்தவை. காதலி என்று கூப்பிட்டுவிட்டு அதே மூச்சில் பெரியவர் மாதிரி ஆசீர்வாதமும் பண்ணுகிறாரே, அந்தத் தடுமாற்றம்தான் எனக்குப் பிடித்தது.

மூன்றாம்படி:
அவருக்கு அன்பு வந்தாலே ஏவல்தான் வரும் என்று நினைக்கிறேன். 1915-ல் புதுச்சேரியிலிருந்து தம்பியாக நினைத்த இளைய நண்பர் பரலி நெல்லையப்பருக்கு எழுதியதைப் படியுங்கள். பராசக்தி காத்திடுக என்று முறையாக வாழ்த்தித் தொடங்கி, போகப்போக ஏறு, ஏறு, மேலே, மேலே என்று ஒரே விரட்டல். அதைச் செய், இதை எழுது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று "தம்பி, நான் ஏது செய்வேனடா!" என்று உடைகிறார். அந்த 'அடா' வரும் இடத்தில் வாத்தியார் காணாமல் போய்விடுகிறார். அதுவும் சொந்தக் கஷ்டத்துக்காக இல்லை, தமிழைவிட இன்னொரு பாஷை சுகமாக இருக்கிறதே என்கிற வயிற்றெரிச்சல்!

ஓரக்குறிப்பு:
அது பாதி கடிதம், பாதி மேடைப்பேச்சு. வீட்டுக்குரல் வேண்டுமென்றால் 1918-ல் தம்பி விசுவநாதனுக்கு எழுதியதுதான். இனிமேல் இங்கிலீஷில் எழுதாதே, உன் தமிழ் எவ்வளவு கொச்சையாக இருந்தாலும் ஆவலாகப் படிப்பேன், அதுவும் முடியாவிட்டால் சமஸ்கிருதத்தில் எழுது என்கிறார். கோபம் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஏங்குகிற மனிதர்தான் இப்படிக் கடிந்துகொள்வார்.

தாள்மடிப்பு:
உதவி கேட்கும்போது சில இடங்களில் உரைநடையையே விட்டுவிடுகிறார், அதையும் கவனியுங்கள். 1919-ல் எட்டயபுரம் ராஜாவிடம் பரிசு கேட்டு அனுப்பியவை முழுக்கச் செய்யுள். "சுவை புதிது, பொருள் புதிது" என்று தன் பாட்டைத் தானே புகழ்ந்துகொள்ளும் வரி வருவது அங்கேதான். கெஞ்சலே கிடையாது, சால்வை, பொற்பை, ஜதிபல்லக்கு என்று பரிசுப் பட்டியலையும் அவரே போட்டுக் கொடுக்கிறார். செல்லம்மாவிடம் சாதாரணமாகப் பேசியவருக்கு ராஜாவிடம் யாப்பு தேவைப்பட்டிருக்கிறது.