பரணில் கிடைத்த கிரிஸ் கத்தி: பிடியில் இருப்பது ஆளா, பறவையா?

முதுநகர்க்காரன்:
தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த கிரிஸ், கடலூர் வீட்டுப் பரணில் கிடைத்தது. கத்தியின் அலகு பாம்பு மாதிரி நெளிகிறது, சரி. மரப்பிடிதான் புரியவில்லை. குளிரில் கையைக் கட்டிக்கொண்டு யாரோ குனிந்திருக்கிற மாதிரி இருக்கிறது. முகம் இல்லை, கொடியும் இலையும்தான். அம்மாவோ பறவை என்கிறார்.

புதுவைப் பழசு:
ஆள்தான். அந்த வகைக்கு ‘ஜாவா டெமாம்’ என்று பெயர். மலாயில் டெமாம் என்றால் காய்ச்சல். அதாவது காய்ச்சலில் நடுங்கும் ஜாவாக்காரன்! பழைய ஜாவாப் பிடிகளில் மனிதரும் அரக்கரும் கண் மூக்கோடு தெளிவாக இருப்பார்கள். இஸ்லாம் பரவிய பிறகு உருவம் செதுக்கத் தயங்கி, முகம் கொடி வேலைப்பாட்டில் கரைந்தது என்பது பரவலான விளக்கம். தெற்குத் தாய்லாந்தில் இருக்கும் பட்டாணி (Pattani) பக்கத்துப் பிடி வேறு: மூக்கு நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். மீன்கொத்தி என்று பொருள்படும் ‘பெகாகா’ என்பார்கள். பெயர்தான் பறவை, முகம் அரக்கன் என்பது என் கட்சி.

முதுநகர்க்காரன்:
பிடி ஆடுகிறது. பசை போடலாமா?

மரவேலை:
ஐயோ, வேண்டாம். அது கழற்றி மாட்டும் பிடி. அலகின் காம்பில் துணி சுற்றிச் செருகுங்கள், இறுகிவிடும்.

முதுநகர்க்காரன்:
பழைய வேட்டித் துணி சுற்றினேன், நின்றுவிட்டது. அம்மா இன்னும் பறவை என்றுதான் சொல்கிறார்.